‘யூசர் ஃப்ரெண்ட்லியா பண்ணித் தர்றோம்’: இந்த ஒரு வரியை நம்பி 80,000 ரூபாய் கொடுக்கலாமா?



சேலம், நாமக்கல் பக்கத்துல இருந்து பெங்களூரு, கோயம்புத்தூர், சென்னைன்னு வேலைக்குப் போன நிறைய பேருக்கு இப்போ ஒரு யோசனை இருக்கு. மாசச் சம்பளம் வருது. கூடவே வீட்டுத் தொழிலை ஆன்லைனுக்குக் கொண்டு வந்தா என்ன? இளம்பிள்ளையில அப்பாவோட தறி, சிவதாபுரத்துல மாமாவோட வெள்ளிக் கொலுசுப் பட்டறை, ராசிபுரத்துல நெய் வியாபாரம்... எதுவா இருந்தாலும் முதல் வேலை ஒரு வெப்சைட்.

டெவலப்பர்கிட்ட கேட்டா ஒரு பக்கக் கொட்டேஷன் வரும். ஹோம் பேஜ், புராடக்ட் பேஜ், பேமென்ட் கேட்வே, எஸ்இஓ. கடைசியில ‘யூசர் ஃப்ரெண்ட்லி டிசைன்’. மொத்தம் 80,000 ரூபாய், பாதி அட்வான்ஸ்.

கையில 32,000 ரூபாய் சம்பளம் வாங்குற ஒருத்தருக்கு இது இரண்டரை மாசச் சம்பளம். அவசர கால நிதியில இருந்தோ, பர்சனல் லோன்ல இருந்தோதான் வரும். ஆனா சைட் வந்த பிறகு வாடிக்கையாளருக்கு ஆர்டர் போடவே தெரியலைன்னா, அந்தக் கடைசி வரியை வச்சு நீங்க என்ன கேட்க முடியும்?

ஒண்ணும் கேட்க முடியாது. ஏன்னு பார்ப்போம். கேட்க முடியுற மாதிரி எப்படி எழுதுறதுன்னும் பார்ப்போம்.

நாம எல்லாரும் மாட்டின ஒரு வெப்சைட்

2021 ஜூன் 7 இரவு, வருமான வரித்துறையோட புது இ-ஃபைலிங் தளம் திறந்தது. உருவாக்கினது இன்ஃபோசிஸ். 2019 ஜனவரியில மத்திய அமைச்சரவை இந்தத் திட்டத்துக்கு எட்டரை வருஷத்துக்குன்னு ஒப்புதல் கொடுத்த தொகை சுமார் 4,242 கோடி ரூபாய்.

திறந்த மறுநாளே புகார். லாகின் ஆக ரொம்ப நேரம் ஆச்சு. ஆதார் ஓடிபி வரலை. பழைய வருஷத்து ரிட்டர்ன் காணோம். நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ட்விட்டர்லயே இன்ஃபோசிஸைக் கூப்பிட்டுச் சரி பண்ணச் சொன்னார். 700-க்கும் மேல மெயில், அதுல 2,000-க்கும் மேல புகார், ஒரே மாதிரி இருந்ததைக் கழிச்சுப் பார்த்தா 90 தனித்தனிப் பிரச்சினைன்னு நிதியமைச்சகம் அந்த மாசமே கணக்குச் சொன்னது. ஆகஸ்ட் 21-ல தளமே திறக்கலை. 23-ம் தேதி இன்ஃபோசிஸ் தலைமை நிர்வாகி சலில் பரேக்கை நேர்ல அழைச்சு, செப்டம்பர் 15-க்குள்ள சரி பண்ணணும்னு கெடு வச்சாங்க. கொரோனாவால ஏற்கனவே செப்டம்பர் 30-க்குத் தள்ளியிருந்த கடைசித் தேதி, மறுபடியும் டிசம்பர் 31-க்குப் போச்சு.

இதுல ரெண்டு விஷயத்தைக் கவனிங்க.

ஒண்ணு: இந்தத் திட்டத்தை அறிவிச்சப்போ, ரிட்டர்ன் பரிசீலனை 63 நாள்ல இருந்து 1 நாளா குறையும்னு சொன்னாங்க. அது ஒரு எண். நடந்ததா இல்லையான்னு யாரும் சரிபார்க்கலாம். ஆனா வரி கட்டுறவருக்குத் தளம் எப்படி இருக்கும்னு சொன்ன இடத்துல வசதி, நவீனம், தடையில்லா அனுபவம்னு வார்த்தைகள்தான். வார்த்தையை யாராலும் அளக்க முடியாது.

ரெண்டு: 2021 ஜூன் வரைக்கும் இந்தத் திட்டத்துக்கு இன்ஃபோசிஸுக்குக் கொடுத்தது 164.5 கோடி ரூபாய்னு அரசு நாடாளுமன்றத்துல சொன்னது. அரசுக்குக் கூப்பிட்டுக் கேட்கிற அதிகாரமும் இருந்தது, இன்னும் கொடுக்காத பணமும் இருந்தது. உங்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது. கொடுக்காத பணம் மட்டும்தான் உங்க பலம். அதையும் முன்னாடியே கொடுத்துட்டா கதை முடிஞ்சது.

‘நல்லா பண்ணுங்க’ன்னா சட்டத்துக்குப் புரியாது

1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்துல 29-வது பிரிவைப் பாருங்க. அர்த்தம் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத உடன்பாடு செல்லாது. சட்டமே ஒரு உதாரணம் தருது. ஒருத்தர் 100 டன் எண்ணெய் விற்கிறதா ஒப்புக்கிறார். என்ன எண்ணெய்னு தெரிஞ்சுக்க வழியே இல்லைன்னா அது செல்லாது. அவர் தேங்காய் எண்ணெய் மட்டும் விற்கிற வியாபாரின்னா செல்லும். ஏன்னா, எந்த எண்ணெய்னு புரிஞ்சுக்க வழி இருக்கு.

‘யூசர் ஃப்ரெண்ட்லி’ங்கிறது அந்த முதல் எண்ணெய் மாதிரி. அதுக்காக உங்க முழு ஒப்பந்தமும் செல்லாமப் போயிடாது. ஆனா அந்த ஒரு வரியை வச்சு ‘நீ மீறிட்ட’ன்னு நிரூபிக்கிறது பெரும் பாடு.

நுகர்வோர் கோர்ட் இருக்கேன்னு நினைக்காதீங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, வணிக நோக்கத்துக்காகச் சேவை வாங்கினவர் ‘நுகர்வோர்’ங்கிற விளக்கத்துக்குள்ள வரமாட்டார். கடை நடத்துறதுக்கு வாங்குற வெப்சைட் அங்கேயே சிக்கும். மிச்சம் இருக்கிறது உங்க அக்ரிமென்ட் மட்டும்தான்.

நம்ம ஊர்லயே இதுக்கு நல்ல பாடம் இருக்கு. நாமக்கல்ல லாரிக்கு பாடி கட்டக் கொடுக்கிற யாராவது ‘நல்லா கட்டிக் குடுங்க’ன்னு மட்டும் சொல்லிட்டு வருவாங்களா? எத்தனை அடி நீளம், என்ன தகடு, கேபின் எப்படி, எப்போ டெலிவரி... எல்லாம் பேசித்தான் அட்வான்ஸ். வண்டியை எடுக்கும்போது டேப் வச்சு அளந்தும் பார்க்கலாம். வெப்சைட்டுக்கும் அந்த டேப் வேணும்.

அந்த டேப் எங்க இருக்கு?

பயன்படுத்த எளிமைங்கிறதுக்கு சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ ஒரு விளக்கம் வச்சிருக்கு. ஐஎஸ்ஓ 9241-11, 1998-ல வந்து, 2018-ல திருத்தினது. சுருக்கமாச் சொன்னா இதுதான்: குறிப்பிட்ட ஆட்கள், குறிப்பிட்ட சூழல்ல, குறிப்பிட்ட வேலையை, சரியா, சிரமம் அதிகமில்லாம, திருப்தியா முடிக்க முடியுதா?

இதை ஒப்பந்தத்துல அஞ்சு கேள்வியா மாத்திக்கலாம்.

1. யார் பயன்படுத்தப் போறாங்க?
2. எந்த வேலையை முடிக்கணும்?
3. எந்தப் போன்ல, எந்த நெட்ல, எந்த மொழியில?
4. எத்தனை பேர்ல எத்தனை பேர், எவ்வளவு நேரத்துல முடிச்சா பாஸ்?
5. ஃபெயில் ஆனா யார் செலவுல, எத்தனை நாள்ல சரி பண்ணணும்?

அஞ்சுக்கும் பதில் இருந்தா அது ஒப்பந்த நிபந்தனை. ஒண்ணு விட்டுப்போனாலும் அது ஆசைதான்.

இளம்பிள்ளை புடவைக் கடைக்கு எழுதிப் பார்ப்போம்

உங்க வீட்டுத் தறிப் புடவையை விற்கிற சைட்னு வச்சுக்குவோம். அக்ரிமென்ட்ல இப்படி எழுதலாம்.

*ஆர்டர்:* ‘இந்தத் தளத்தை இதுவரை பார்த்திராத 10 பேரில் குறைந்தது 8 பேர், யாருடைய உதவியும் இன்றி, தங்கள் சொந்த ஆண்ட்ராய்டு போனில், மொபைல் டேட்டாவில், ஒரு புடவையைத் தேர்வு செய்து, முகவரி கொடுத்து, யுபிஐ மூலம் பணம் செலுத்தி, 4 நிமிடத்துக்குள் ஆர்டரை முடிக்க வேண்டும்.’

*தேடல்:* ‘புடவை, சேலை, சாரி என்று தமிழில் தேடினாலும், அதே சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து தேடினாலும் ஒரே பொருட்கள் வர வேண்டும்.’

*பணம் பாதியில் நின்றால்:* ‘பேமென்ட் தோல்வியடைந்தால் கார்ட்டில் உள்ள பொருளும் முகவரியும் அழியக் கூடாது. ஆர்டர் பதிவானதா, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் காட்ட வேண்டும்.’

*வேகம்:* ‘கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் மொபைல் சோதனையில், பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும்.’ கூகுளே ‘நல்லது’ன்னு வச்சிருக்கிற அளவு இது. இலவசம், நீங்களே பார்த்துக்கலாம்.

*எழுத்து:* ‘எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே நிற வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். எந்த பட்டனிலும் தமிழ்ச் சொல் வெட்டுப்படக் கூடாது.’ முதல் எண், டபிள்யூசிஏஜி-ங்கிற உலகளாவிய அணுகல் வழிகாட்டில இருக்கிறது. ரெண்டாவது நம்ம பிரச்சினை. ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பட்டன்ல தமிழ்ச் சொல்லைப் போட்டா பாதி வெளியே நிற்கும்.

*வீட்டில் இருப்பவர்:* ‘அரை மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு, கடையைக் கவனிக்கும் குடும்ப உறுப்பினர் தன் போனிலிருந்தே ஒரு புதுப் புடவையின் படம், விலை, இருப்பு ஆகியவற்றை 5 நிமிடத்துக்குள் ஏற்ற வேண்டும்.’

இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் பெரும்பாலும் மறந்துடுறோம். வாடிக்கையாளரை மட்டும் யோசிக்கிறோம். நீங்க பெங்களூருல ஆபீஸ் மீட்டிங்ல இருக்கும்போது, ஊர்ல ஸ்டாக் மாத்தப் போறது அம்மாவோ அக்காவோதான். அவங்களால முடியலைன்னா ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெவலப்பருக்குப் போன் பண்ணி, ஒவ்வொரு தடவையும் காசு கொடுக்கணும்.

டெஸ்ட் பண்ண லேப் வேண்டாம்

பத்து பேர் வேணும். உங்க நண்பர்கள் வேண்டாம். உங்க புடவையை வாங்கக்கூடியவங்க வேணும். அவங்க போனைக் கொடுத்து, ‘500 ரூபாய்க்குள்ள ஒரு புடவை ஆர்டர் பண்ணுங்க’ன்னு மட்டும் சொல்லுங்க. டெஸ்ட் லிங்க்ல பணம் நிஜமா போகாத மாதிரி டெவலப்பர் வச்சுத் தரலாம். நேரத்தைக் குறிச்சுக்கங்க. எங்க தடுமாறுறாங்கன்னு எழுதுங்க. ‘அங்க தட்டுங்க’ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா அந்த ஆள் கணக்குல சேராது.

யூசபிலிட்டி நிபுணர் ஜேக்கப் நீல்சன் சொல்ற கணக்கு ஒண்ணு இருக்கு. அஞ்சு பேரை வச்சுச் சோதிச்சாலே பெரும்பாலான குறைகள் வெளிய வந்துடும். அதனால டிசைன் கட்டத்திலேயே அஞ்சு பேர்கிட்டக் காட்டுங்க. ஆனா அது குறையைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட். பாஸா ஃபெயிலான்னு தீர்மானிக்க, கடைசியில புதுசா பத்து பேர் வேணும். ஏற்கனவே பார்த்தவங்களுக்கு வழி தெரிஞ்சிருக்கும், அது ஏமாத்திடும்.

திருப்தியை அளக்கணும்னா எஸ்யூஎஸ்-னு ஒரு முறை. 1986-ல ஜான் புரூக் உருவாக்கினது. பத்து கேள்வி, 0 முதல் 100 வரை மதிப்பெண். 68-ஐ சராசரியா எடுத்துக்கிறது வழக்கம். ‘70-க்குக் குறையக் கூடாது’ன்னு ஒரு வரி சேர்க்கலாம்.

ஆளுக்கு 200 ரூபாய் கொடுத்தாலும் மொத்தம் 2,000 ரூபாய். 80,000 ரூபாய் பொருளைச் சோதிக்க இது பெரிய செலவே இல்லை.

இதுல உங்க பணம் எவ்வளவு இருக்கு?

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். மாசம் 5,000 ரூபாய் விளம்பரம். ஒரு கிளிக் 5 ரூபாய்னா 1,000 பேர் வர்றாங்க. அதுல 40 பேர் வாங்கலாம்னு பேமென்ட் பக்கம் வரைக்கும் போறாங்க. ஒரு புடவையில லாபம் 250 ரூபாய்.

குழப்பமான சைட்ல 10 பேர்தான் முடிக்கிறாங்கன்னா லாபம் 2,500. விளம்பரச் செலவைக் கழிச்சா மாசம் 2,500 ரூபாய் நஷ்டம். தெளிவான சைட்ல 30 பேர் முடிச்சா லாபம் 7,500. செலவு போக 2,500 ரூபாய் கையில நிற்கும். அதே புடவை, அதே விளம்பரம். மாசத்துக்கு 5,000 வித்தியாசம், வருஷத்துக்கு 60,000. ‘ஆன்லைன் பிசினஸ் நமக்கு செட் ஆகலை’ன்னு மூடுறதுக்கு முன்னாடி, பேமென்ட் பக்கத்துல எத்தனை பேர் திரும்பிப் போறாங்கன்னு பார்க்கணும்.

பணத்தை டெஸ்டோட கட்டுங்க

பாதி அட்வான்ஸ், மீதி டெலிவரியிலங்கிறதுக்குப் பதிலா, 80,000-ஐ இப்படிப் பிரிக்கலாம்:

- கையெழுத்து: 20%, 16,000 ரூபாய்
- தட்டிப் பார்க்கிற மாதிரி டிசைன், அஞ்சு பேர் டெஸ்ட் முடிஞ்சதும்: 20%, 16,000
- டெஸ்ட் லிங்க்ல முழு சைட்: 30%, 24,000
- பத்து பேர் டெஸ்ட் பாஸ் ஆனதும்: 20%, 16,000
- லைவ் ஆகி 60 நாள் கழிச்சு: 10%, 8,000

கடைசி டெஸ்ட் நடக்கும்போது 24,000 ரூபாய் உங்ககிட்ட இருக்கும். கூடவே இதையும் எழுதுங்க: ‘தேர்ச்சி பெறாவிட்டால் டெவலப்பர் தன் செலவில் 15 நாளில் சரிசெய்து, புதிய 10 பேரிடம் மறுசோதனைக்குத் தர வேண்டும். இரண்டாம் முறையும் தேர்ச்சி பெறாவிட்டால், மீதித் தொகையைக் கொடுக்காமல் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். கோடு, டேட்டா, டொமைன் எல்லாம் ஒப்படைக்கப்பட வேண்டும்.’

கோடு பத்தி எழுதாம விட்டுடாதீங்க. பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியாள் எழுதிக் கொடுக்கிற கோடுக்கு, வேற ஒப்பந்தம் இல்லாத வரை, உரிமையாளர் அவர்தான். காசு கொடுத்ததாலேயே உங்களுக்கு வந்துடாது. எழுத்துல மாத்தி வாங்கணும். காலம் குறிப்பிடலைன்னா அஞ்சு வருஷம்னும், இடம் குறிப்பிடலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்னும் சட்டம் எடுத்துக்கும்.

எழுதினதுக்கு அப்புறமும் ஒரு பொறி இருக்கு

அமெரிக்காவோட வாடகைக் கார் நிறுவனம் ஹெர்ட்ஸ், 2016-ல தன் வெப்சைட்டைப் புதுசா கட்ட அக்சென்ச்சர் கிட்டக் கொடுத்தது. 2017 டிசம்பர்ல வர வேண்டிய சைட், தேதி தேதியா தள்ளிப் போச்சு. 3.2 கோடி டாலருக்கும் மேல கட்டின பிறகு, 2019 ஏப்ரல்ல ஹெர்ட்ஸ் வழக்குப் போட்டது. சின்னது, நடுத்தரம், பெரியதுன்னு மூணு திரை அளவுக்கும் சைட் வேலை செய்யணும்னு பேசியிருந்தும், டேப்லெட் மாதிரி நடுத்தரத் திரைக்குச் செய்யலை, செய்யறதுக்குத் தனியாப் பணம் கேட்டாங்கன்னு மனுவுல சொன்னது. அக்சென்ச்சர் குற்றச்சாட்டை மறுத்தது.

யார் சொன்னது சரிங்கிறது கோர்ட் விஷயம். நமக்கு வேண்டிய பாடம் இது: ‘ரெஸ்பான்சிவ்’னு மட்டும் எழுதாம, எந்தெந்த திரை, எந்தெந்த பிரவுசர்னு பட்டியல் போடுங்க. பட்டியல்ல இருக்கிறது சரியா வேலை செய்யலைன்னா அது குறை, இலவசமா சரி பண்ணணும். பட்டியல்ல இல்லாததைக் கேட்டா அது புது வேலை, காசு உண்டு. இந்த ரெண்டு வரியும் அக்ரிமென்ட்ல இருந்தா பாதிச் சண்டை வராது.

டெவலப்பர் பக்கமும் நியாயம் இருக்கு

நம்ம வாசகர்கள்ல வார இறுதியில ஃப்ரீலான்ஸா சைட் செஞ்சு கொடுக்கிறவங்களும் இருப்பீங்க. இந்த நிபந்தனை உங்களையும் காப்பாத்தும். ‘கலர் பிடிக்கலை, மாமாவுக்கு ஃபான்ட் பிடிக்கலை’ன்னு முடிவே இல்லாம இழுக்கிறதுக்கு இங்க இடம் இல்லை. பத்துல எட்டு பேர் முடிச்சாச்சா, பணத்தைக் கொடுங்கன்னு கேட்கலாம்.

வாங்குறவர் தன் கடமையையும் எழுதணும். புடவைப் படங்கள் எந்தத் தேதிக்குள்ள தருவீங்க, டெஸ்டுக்கு ஆள் யார் கூட்டிட்டு வருவாங்க, எத்தனை நாள்ல பதில் சொல்வீங்க. நீங்க படம் தர ஒரு மாசம் தாமதம் பண்ணிட்டு, டெலிவரி லேட்னு அவர் பணத்தைப் பிடிக்கிறது நியாயம் இல்லை.

அடிக்கடி வரக்கூடிய சந்தேகங்கள்

*டெவலப்பர் ஒத்துக்கலைன்னா?* எண்ணைப் பேசித் தீர்க்கலாம். 8 பேர் 7 ஆகலாம், 4 நிமிஷம் 5 ஆகலாம். ஆனா ‘எண்ணே வேண்டாம்’னு சொன்னா, அவருக்கே அவர் வேலையில நம்பிக்கை இல்லைன்னு புரிஞ்சுக்கலாம்.

*மெயில்ல ஒத்துக்கிட்டா போதுமா?* தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ல 10ஏ பிரிவுப்படி, மின்னணு வழியில ஏற்பட்டதுங்கிற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமப் போகாது. ஆனா பத்து வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜைத் தேடுறதை விட, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ரெண்டு பக்கம் மேல். தொகை பெருசுன்னா வக்கீல்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.

*ஏற்கனவே கையெழுத்துப் போட்டாச்சே?* மீதிப் பணம் பாக்கி இருந்தா, அதுக்கு முன்னாடி டெஸ்ட் ஒண்ணு வச்சுக்கலாம்னு எழுத்துல கேளுங்க. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா ஒப்பந்தத்தைத் திருத்தலாம்.

*எனக்குச் சின்னக் கடைதான், இவ்வளவு வேணுமா?* அப்போ 80,000 ரூபாய் சைட்டே வேணுமான்னு முதல்ல கேளுங்க. மாசச் சந்தா கட்டுற ரெடிமேட் கடைத் தளங்கள் இருக்கு. அதையும் பத்து பேர்கிட்டக் கொடுத்துப் பாருங்க. பாஸ் ஆனா, உங்க அவசர கால நிதி அப்படியே இருக்கும்.

அட்வான்ஸ் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை செய்யுங்க. கொட்டேஷனை எடுத்து, அதுல இருக்கிற ‘எளிமை’, ‘நவீனம்’, ‘யூசர் ஃப்ரெண்ட்லி’ மாதிரி வார்த்தைகளை எல்லாம் வட்டம் போடுங்க. ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்துலயும் யார், என்ன வேலை, எவ்வளவு நேரம், எத்தனை பேர்னு எழுதுங்க. எழுத முடியாததை அடிச்சுடுங்க. மிச்சம் இருக்கிறதுக்கு மட்டும் பணம் கொடுங்க.